மூன்றாம் கொட்டகைக் கூளக்காரி

கோழியைச் சாதுப் பிராணி என்று முதலில் சொன்னவர் யாரோ தெரியாது. அவரை ஒரே ஒரு நாள் எங்கள் மூன்றாம் கொட்டகைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. உள்ளே நாலாயிரம் பெட்டைகள். ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால் போதும், பக்கத்தில் நிற்பது ஒரு கொத்து கொத்திப் பார்க்கும். அதைப் பார்த்து இன்னொன்று வரும். கால் மணி நேரத்தில் குடலை உருவி, ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். குடலுக்குச் சொந்தக்காரி அப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பாள். நான் முட்டை பொறுக்கப் போன முதல் வாரமே இதைப் பார்த்துவிட்டேன்.

இந்தக் கொலைகாரக் கும்பலை அடக்கி வைத்திருந்தது என் அண்ணி. தடியை வைத்து அல்ல, தரையை வைத்து. தரையில் பரப்பும் கூளம்தான் அவள் வேலை. அதனால் பண்ணையில் எல்லாருக்கும் அவள் கூளக்காரி. முதலில் கேலியாகத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். பிறகு அவள் வந்து பார்க்காமல் எந்தக் கொட்டகையிலும் ஒரு மூட்டைகூடப் பிரிப்பதில்லை என்று ஆனதும் அதே பெயர் மரியாதையாகிவிட்டது.

கொட்டகைக்குள் நுழைந்தால் அவள் கோழியைப் பார்க்க மாட்டாள். குனிந்து, தண்ணீர்க் குழாய்க்குக் கீழே ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடித்து, கையைத் திறப்பாள். அள்ளியது உருண்டையாக அப்படியே நின்றால் ஈரம். பிடிக்கும்போதே பொலபொலவென்று கொட்டினால் காய்ந்து தூசியாகிவிட்டது. உருண்டையாகி, கையைத் திறந்ததும் மெதுவாக விரிசல் விட்டு உடைந்தால்தான் சரி. ஈரமான தரையில் கோழிக்குப் பாதம் புண்ணாகும், அமோனியா நெடியில் கண் எரியும், கண் எரிந்தால் கோபம் வரும், கோபம் வந்தால் நான் மேலே சொன்ன கதைதான். "அதுங்களுக்குக் கெட்ட புத்தி இல்ல. கீழ எரியுது, மேல கொத்துது" என்பாள் அண்ணி.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறார்கள் என்றால் கேட்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவளை இந்தப் பண்ணைக்குக் கூட்டி வந்ததே நான்தான். என் அண்ணன் பர்னிச்சர் பட்டறையில் இழைப்பு மெஷின் ஓட்டுகிறவன். பட்டறையில் அவனைத் தங்கமானவன் என்பார்கள். வீட்டில் கை நீட்டுவான். எதற்கு என்று கேட்காதீர்கள், காரணம் தேடித் தேடித்தான் எங்கள் குடும்பமே எட்டு வருஷத்தை ஓட்டியது. கன்னம் வீங்கினால் கதவில் இடித்துக்கொண்டாள் என்போம், பல் போனால் வழுக்கி விழுந்தாள் என்போம். இடது மணிக்கட்டை அவன் முறுக்கி உடைத்த அன்று சொல்வதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. நான் அப்போது பண்ணையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கட்டுப் போட்ட கையோடும், ஆறு வயசுப் பாப்பாவோடும், ஒரு பையோடும் அண்ணி பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

அவளுக்கு இடம் கிடைத்த விதம் தனி. அதற்கு இரண்டு நாள் முன்னால் மூன்றாம் கொட்டகைக்குள் ஒரு எலக்ட்ரீஷியன் மஞ்சள் சட்டையும் ஏணியுமாக விறுவிறுவென்று நுழைந்திருந்தார். கோழிகள் அவரைப் பார்த்ததும் மூலையைப் பார்த்து ஓடின. ஒன்றின் மேல் ஒன்று, அதன் மேல் இன்னொன்று என்று இடுப்பளவுக்குக் குவிந்துவிட்டன. மேலே இருந்தவை பிழைத்தன. அடியில் முந்நூற்றுச் சொச்சம் மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தன. நாங்கள் கூடை கூடையாக அள்ளினோம், எல்லாம் சூடாக இருந்தன. அந்தக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவரை முதலாளி அன்று மாலையே அனுப்பிவிட்டார். முதலாளி நல்லவர், அதாவது எதையும் சத்தமாகச் சொல்ல மாட்டார். கொட்டகைக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஓர் அறை என்பது பண்ணைச் சட்டம். கொட்டகை போனால் அறையும் அப்போதே போகும். காலியான அந்த இடத்துக்கு அண்ணியைச் சொல்லி வைத்தது நான்தான், பிறந்த வீட்டில் கோழி வளர்த்தவள் அவள். அந்த மனுஷனின் கட்டில் ரோட்டோரம் நின்ற இடத்தைக் கடந்துதான் அண்ணி உள்ளே வந்தாள்.

"மறுபடி ஒரு குவியல் விழுந்தா நீயும் இப்படித்தாம்மா" என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

அறை ஒன்றும் மாளிகை இல்லை. தகரக் கூரை, ஒரு ஜன்னல், வெளியே நாலு குடும்பத்துக்கு ஒரு குழாய். ஆனால் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. அண்ணி முதல் நாள் அந்தத் தாழ்ப்பாளை நாலைந்து தடவை போட்டுப் போட்டுத் திறந்தாள். பாப்பாவைப் பள்ளிக்கூட வேன் கேட்டருகே வந்து ஏற்றிக்கொண்டது. அண்ணன் ஒரு தடவை போன் செய்தான். "எத்தனை நாளைக்கு? அந்த ரூம் போச்சுன்னா எங்க போவ? என் வாசலுக்குத்தான வரணும்" என்றான். அவள் போனை வைத்துவிட்டு, நீளப் பிடி போட்ட முள்கவையை எடுத்துக்கொண்டு கூளம் கிளறப் போனாள்.

வந்த மாதமே கொட்டகையைத் தலைகீழாக மாற்றினாள். அதுவரை தரைக்கு நாங்கள் மரத்தூள்தான் போட்டுக்கொண்டிருந்தோம். மாவு மாதிரித் தூள், கோழி தீவனம் என்று நினைத்துத் தின்று இரைப்பை அடைத்துச் சாகும். தின்னாதவற்றுக்குக் கண்ணில் விழும். அதை நிறுத்தச் சொன்னாள். தரைக்கு உமியும் மரச்சீவலும் கலந்து நாலு விரற்கடை. முட்டையிடும் பெட்டிக்குச் சீவல் மட்டும். பெட்டியில் ஏற்கெனவே வைக்கோல் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டினாள், அடியில் பூஞ்சணம், உள்ளே பேன் நடந்து போனது. "இதுல உக்காந்து நீ முட்டை போடுவியா?" என்று என்னைக் கேட்டாள். என்னால் எந்த இடத்திலும் முட்டை போட முடியாது அண்ணி என்றேன்.

கோழிகள் காலால் சீவலை வாரி வெளியே கொட்டாமல் இருக்க, பெட்டி வாசலில் ஒரு சாண் பலகை அடித்தாள். பெட்டி முன்னால் பழைய சாக்கைக் கிழித்துத் தொங்கவிட்டாள். வெறும் பலகையில் முட்டை விழுந்தால் உடையும், உடைந்ததை ஒருத்தி ருசி பார்ப்பாள், பிறகு முட்டை போடுகிறவளின் பின்னாலேயே நின்று காத்திருப்பாள், அங்கிருந்துதான் கொத்து ஆரம்பம். இருட்டில், மெத்தென்ற சீவலில் போட்டால் யார் கண்ணிலும் ரத்தம் படாது. அப்படியும் ஒன்றிரண்டு அடங்காது. அவற்றை அண்ணி கண்டுபிடித்து, கழுத்தைப் பிடித்து, ஒரே திருகு. முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. உடைந்து கூடிய மணிக்கட்டு அது, திருகும்போது லேசாகச் சொடக்கு விழும். கொட்டகையில் தண்ணீர்க் குழாயை வேண்டுமென்றே திறந்துவிட்டு வேடிக்கை பார்த்த ஒரு தீவன வண்டிக்காரனை அதே கையால் அறைந்தாள். மறுநாளிலிருந்து அவன் அவளை அம்மா என்று கூப்பிட்டான்.

குவியலுக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள். நாலு மூலையிலும் குறுக்கே பலகை வைத்து மூலையே இல்லாமல் செய்தாள். யாராக இருந்தாலும் நீலச் சட்டை மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும். கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு நுழைய வேண்டும். உள்ளே ஓடக் கூடாது, கத்தக் கூடாது, எதையும் கீழே போடக் கூடாது. கோழிகள் நீலத்துக்குப் பழகின. மூட்டை இறக்க வருகிறவர்களுக்கும் கேட்டிலேயே நீலச் சட்டை கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு குவியல்கூட விழவில்லை.

சீவல் ஒரு வியாபாரி மூலம் வந்தது. எந்தப் பட்டறை என்று நாங்கள் கேட்டதில்லை. ஒரு நாள் புது லோடு வந்தது, நீளச் சுருள், சருகு போலக் காய்ந்தது, தூசியே இல்லை. அண்ணி மூட்டையைப் பிரித்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. நானும் முகர்ந்தேன். எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கும் அண்ணன் சட்டையின் வாசனை, மரமும் அந்தப் பட்டறைப் பசையும் கலந்தது. ஒரு மூட்டையின் அடியில் பட்டறைச் சீட்டும் இருந்தது.

"திருப்பி அனுப்பிடலாம் அண்ணி. நான் முதலாளிகிட்ட சொல்றேன்" என்றேன்.

அவள் இன்னொரு பிடி எடுத்து இறுக்கித் திறந்து பார்த்தாள். "மரம் என்ன பண்ணுச்சு? இதவிட நல்ல சீவல் எங்க கிடைக்கும்? பெட்டிக்கு இதான் சரி" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு புத்திசாலி, கூளம் என்று வந்துவிட்டால் மட்டும் கண் தெரியாதவளாகிவிடுகிறாளே என்று. அன்று நான் சண்டை போட்டிருக்க வேண்டும். அவள் பெட்டியில் சீவலை நிரப்பி உள்ளங்கையால் அழுத்திக் குழி செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலைந்து மாதம் அந்தச் சீவல் வந்தது. அந்தப் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவனுக்கு மூட்டை எங்கே போகிறது என்று தெரியாமல் இருக்குமா?

சீவல் லாரியில் மூட்டை இறக்குகிறவனாக அவன் வந்தது காலை பத்து மணி வாக்கில். அதுதான் பெட்டிகள் நிறைந்திருக்கும் நேரம். நான் கொட்டகையின் அந்தக் கோடியில் முட்டைக் கூடையோடு இருந்தேன். அண்ணி நடுவில் குழாய்க்குக் கீழே கட்டி தட்டிய கூளத்தைக் கவையால் பெயர்த்துக்கொண்டிருந்தாள். கதவில் இரண்டு தட்டு கேட்டது. மூட்டையோடு ஒரு நீலச் சட்டை உள்ளே வந்தது. கோழிகள் விலகி வழி விட்டன. அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் போட்ட சட்டம், அவள் கொடுக்கச் சொன்ன சட்டை, அதையே மாட்டிக்கொண்டு என் அண்ணன் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தான். பிறகு அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினான்.

அவள் கத்தவில்லை. கவையைக் கையிலிருந்து நழுவ விடவும் இல்லை, சாய்த்துக் கூளத்தின் மேல் சத்தமில்லாமல் வைத்தாள். அவன் இரண்டாவது குத்து விட்டான், உதடு பிளந்து ரத்தம் வழிந்தது. அவள் சட்டென்று உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, ரத்தம் கீழே சொட்டாமல் முந்தானையைக் கொடுத்து அழுத்தினாள். கீழே ஒரு சொட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். "மெதுவா பேசு" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அவன் பேசவே இல்லை.

கோழிகளின் சத்தம் நின்றது. அதை எப்படிச் சொல்வது. நாலாயிரம் கோழி கொக்கரித்துக்கொண்டே இருக்கும் இடத்தில் திடீரென்று ஒன்றும் கேட்கவில்லை. எல்லாக் கழுத்தும் நீண்டு நின்றன. குவியலுக்கு முன்னால் இப்படித்தான் இருக்கும். இனி ஒரு சத்தம், ஒரு ஓட்டம் போதும். என் கையில் கூடை இருந்தது. நான் ஓடினால் குவியல் விழும், கத்தினால் விழும். அண்ணி என்னைப் பார்த்தாள். கையை இடுப்புக்குக் கீழே வைத்து, விரல்களை விரித்து, அங்கேயே நில் என்று காட்டினாள்.

நின்றேன். கோழிக்காக நின்றேனா, பயத்தில் நின்றேனா என்று என்னைக் கேட்டால் பயத்தில்தான். அவள் காட்டிய கை எனக்கு வசதியாகப் போயிற்று.

அவன் காதோடு சேர்த்து அறைந்தான். இரண்டு தடவை, அதே காதில். அவள் விழப் போனாள், விழுந்தால் தொப்பென்று சத்தம் வரும், தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டி போட்டாள். அவன் வயிற்றில் உதைத்தான். அவள் வாயிலிருந்து தீவனம் வைக்கும்போது போடும் சத்தம் வந்தது, ப்பா ப்பா ப்பா என்று, தாழ்ந்த குரலில். உதை விழ விழ அந்தச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்த கோழிகள் கழுத்தை இறக்கின. ஒன்று அவன் கால் பக்கத்திலேயே கூளத்தைக் கிளறத் தொடங்கியது.

அவனுக்கு மூச்சு வாங்கியது. அப்போது அவள் சொன்னாள்: "போதும். வீட்டுக்கு வர்றேன். வெளிய நட."

அவன் சிரித்தான். ஜெயித்துவிட்டவன் எப்படி நடப்பானோ அப்படி முன்னால் நடந்தான். அவள் கவையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள், அவசரமே இல்லை, இரண்டு கோழிகளைக் காலால் ஒதுக்கினாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் கூடையை வைத்துவிட்டுப் பின்பக்கக் கதவு வழியாகச் சுற்றி ஓடினேன்.

நான் போவதற்குள் முதல் அடி விழுந்திருந்தது. பழைய கூளம் கொட்டும் மேட்டருகே அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். அண்ணி கவையின் பிடியால் அடித்துக்கொண்டிருந்தாள், முள் பக்கத்தால் அல்ல, அவ்வளவு நிதானம் அந்த நேரத்திலும் இருந்தது. தோள், முதுகு, அவள் மணிக்கட்டை முறுக்கிய கை. அந்தக் கை ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. "விடச் சொல்லுடி" என்று அவன் என்னைப் பார்த்து அலறினான். எழுந்திருக்கத் தரையில் ஊன்றிய மற்றக் கையின் மேல் நான் என் ரப்பர் பூட்ஸை வைத்து ஏறி நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடப் பிறந்தவன் என்று ஒரு துளி இரக்கம் வரவில்லை, அதை மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது. லோடு லாரி டிரைவர் ஓடி வந்து அண்ணியைப் பிடித்து நிறுத்தும்வரை அவள் நிறுத்தவில்லை.

முதலாளி வந்தார். அண்ணியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "குவியல் விழுந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் அண்ணி.

அவரே உள்ளே போனார். நாலு பக்கமும் பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, பெட்டிகளைத் திறந்து பார்த்து, கால் மணி நேரம் கழித்து வந்தார். பெட்டியில் இருந்தவை முட்டை போட்டுக்கொண்டிருந்தனவாம். "ஒண்ணுகூடப் போகல" என்றார், தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் சத்தமாக. பிறகுதான் அவள் காதிலிருந்து வழிந்ததைக் கவனித்தார். "நீ ரூம்லயே இரும்மா. அவன் இனிமே கேட்டுக்குள்ள வரக் கூடாது. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ" என்று வண்டியைக் கொடுத்தார். அறை பிழைத்தது. போலீஸ், புகார், எங்கள் அப்பா அம்மா என்னைத் தலை முழுகியது எல்லாம் பிறகு நடந்தவை, அது தனிக் கதை.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, ஜவ்வு கிழிந்திருக்கிறது, இந்தக் காது இனி பழையபடி வராது என்றார். உதட்டில் தையல் போட்டார். போட்டுக்கொண்டே, "பத்து மணிக்கு, சுத்தி இவ்வளவு பேர் இருக்கற இடத்துல அடிச்சிருக்கான். நீங்க ஏன் கத்தல?" என்று கேட்டார்.

அண்ணி தையல் போட்ட உதட்டோடு, கோழி மூலையில் குவிந்தால் என்ன ஆகும் என்பதைப் பொறுமையாக விளக்கினாள்.

வெளியே வராந்தாவில் மருந்துக்குக் காத்திருந்தோம். எனக்கு மனசு ஆறவில்லை. டாக்டரின் கேள்வி என்னைப் போட்டுக் குடைந்தது. "சரி, இன்னிக்குக் கோழி. நம்ம வீட்ல எட்டு வருஷம் ஒரு தடவைகூட நீ கத்தலையே அண்ணி. அங்க யாரு இருந்தா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பது போல. "நீதான் இருந்தியே. பக்கத்து ரூம்ல கதவைச் சாத்திட்டுப் படிச்சிட்டு இருப்ப. சின்னப் பொண்ணு. கத்தினா ஓடி வருவ. வந்தா உனக்கும் விழும்" என்றாள். "உனக்கு ஒண்ணும் தெரியாமலே இருக்கட்டும்னு நெனச்சேன்."

எழுந்து நின்றேன். "எனக்குக் கேட்டுட்டுதான் இருந்துச்சு அண்ணி. எல்லா நாளும். கேட்டுட்டேதான் படிச்சிட்டு இருந்தேன்" என்றேன்.

அவள் கையைக் காதோரம் வைத்தாள். "என்ன சொன்ன?" என்றாள்.

நான் கிழிந்த காதுப் பக்கம் நின்று சொல்லியிருக்கிறேன். ஒண்ணுமில்ல அண்ணி என்று சொல்லியிருந்தால் விட்டுவிட்டிருப்பாள். நான் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு அவளுடைய மறு பக்கம் போய், குனிந்து, அதையே முதலிலிருந்து சொன்னேன்.